உறைகுளிரில் எந்த மரம்? - தாங்குதிறன், தூய்மை, அதிகாரம்: சில குறிப்புகள்

தமிழில் 'பனி' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் நான்கு விஷயங்களைச் சமாளித்து வருகிறோம். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி பனி. கண்ணை மறைக்கும் வெண்புகை மூடுபனி. இலைமேல் உப்புப் பூத்தாற்போல் படிந்து செடியைக் கருக்கிவிடுவது உறைபனி. வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்கி முழங்கால் உயரத்துக்குக் குவிவதும் பனிதான். முன்பனி, பின்பனி என்று ஆண்டின் மூன்றில் ஒரு பங்கைப் பனிக்கு ஒதுக்கிய தொல்காப்பியருக்கு இதில் குழப்பம் இருந்திருக்காது. அவர் பார்த்த நிலத்தில் நீர் கல்லாக இறுகி மாதக்கணக்கில் கிடந்ததில்லை. பனியில் தலைவி வாடினாள், மரம் சாகவில்லை.

குளிர்மண்டல மரங்களைப் பற்றித் தமிழில் எழுதப் புகுந்தவுடன் இந்தச் சொல் காலை வாருகிறது. 'பனியைத் தாங்கும் மரம்' என்றால் எந்தப் பனியை? தரையில் குவிந்து கிடக்கும் பனி மரத்துக்கு எதிரியே அல்ல; அது கம்பளி. வேரைக் காப்பாற்றுவது அதுதான். பனி விழாமல் வெறும் குளிர் மட்டும் இறங்குகிற ஆண்டில்தான் வேர் சாகும். ஸ்கார்பரோத் தமிழர்கள் இதைப் பேச்சிலேயே தீர்த்துக்கொண்டுவிட்டார்கள்: 'ஸ்னோ' வேறு, 'ஐஸ்' வேறு, குளிர் வேறு. எழுத்துத் தமிழ்தான் பின்தங்கி நிற்கிறது. இந்தக் கட்டுரையின் வசதிக்காகக் குவிவதை வெண்பனி என்றும், நீரை இறுக்கும் குளிரை உறைகுளிர் என்றும் சொல்கிறேன்.

மரத்தைப் பற்றி எழுதத் தமிழ் எம்.ஏ. படித்த விமர்சகனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருபது வருஷமாக இருக்கும் யாழ்ப்பாண நண்பர் ஒருவர் போன வருஷம் தொலைபேசியில் இப்படிக் கேட்டார்: "மச்சான், வீட்டுக்கு முன்னால மாநகரசபை ஒரு மரம் சும்மா வைச்சுத் தருமாம். லிஸ்ட் ஒண்டு தந்திருக்கிறாங்கள். எதை எடுக்கிறது எண்டு தெரியேல்லை. நீ திணை, கருப்பொருள் எண்டு பக்கம் பக்கமா எழுதிறனீ, சொல்லன் பாப்பம்." கேலிதான். ஆனால் அந்தப் பட்டியலை அனுப்பச்சொல்லிப் படித்தபோது, இது வெறும் பட்டியல் இல்லை, ஒரு பிரதி என்று பட்டது. ஒவ்வொரு மரத்துக்கும் எதிரே உயரம், அகலம், வெயில், மண். கடைசியில் ஒரு கட்டம்: நாட்டு மரமா, இல்லையா. வந்தேறி ஒருவர் தன் வாசலில் வைக்கப்போகும் மரத்தின் பூர்வீகத்தை அந்தக் கட்டம் விசாரிக்கிறது. இந்த விசாரணைக்குப் பின்னால் உள்ள தாவரவியலும் அரசியலும் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்று பார்ப்பதே நோக்கம்.

*

முதலில் தாவரவியல். வெப்பநாட்டுக்காரர்களான நாம், குளிர்காலத்தில் இலையுதிர்த்து நிற்கும் மரம் சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு குளிரைப் பொறுப்பதாக நினைக்கிறோம். அது சரியில்லை. மரம் குளிருக்கு ஆயத்தமாவது வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஆகஸ்டு மாதத்தில். இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இரவின் நீளத்தை அளக்கிறது. இரவு ஓர் அளவுக்குமேல் நீண்டதும் மரம் வளர்ச்சியை நிறுத்தி மொட்டுகளை மூடுகிறது. இது முதல் கட்டம். இலையுதிர்காலத்தின் முதல் லேசான உறைகுளிர்கள் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கி வைக்கின்றன: உயிரணுக்களில் சர்க்கரை கூடுகிறது, சவ்வின் கொழுப்பு மாறுகிறது, நீர் குறைகிறது. இலையிலிருந்த நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் மரம் இலையைக் கைவிடுகிறது. ஜூலையில் மைனஸ் 5 டிகிரிக்கே செத்துப்போகும் அதே கிளை, ஜனவரியில் மைனஸ் 40ஐத் தாங்கும்.

எப்படித் தாங்குகிறது? உயிரணுவுக்குள் நீர் உறைந்தால் பனிப்படிகம் சவ்வைக் கிழித்துவிடும், சாவு நிச்சயம். அதனால் மரம் நீரை உயிரணுக்களுக்கு வெளியே, இடைவெளிகளில் உறைய விடுகிறது. வெளியே உறைந்த நீர் உள்ளேயிருக்கும் நீரை இழுக்கிறது. உள்ளே எஞ்சும் சாறு தடித்து, உறையாமல் நிற்கிறது. சொல்லப்போனால் மரம் குளிரால் சாவதைவிடக் குளிர் உண்டாக்கும் வறட்சியால் சாவதே அதிகம். நீர் கண்ணெதிரே இருக்கிறது, குடிக்க முடியாது. பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் பொழுதாகச் சேர்த்த தொல்காப்பியம் இதை நினைத்துச் சொல்லவில்லை என்று தெரியும். இருந்தாலும் அந்த நூற்பாவை இப்போது வேறு மாதிரிப் படிக்கத் தோன்றுகிறது.

இதில் மரங்கள் இரண்டு கட்சி. ஓக், எல்ம், ஆஷ், ஆப்பிள் முதலானவை தண்டின் கட்டையிலுள்ள உயிரணுக்களிலிருந்து நீரை அவ்வளவாக வெளியே விடுவதில்லை. உறைநிலைக்கு வெகு கீழேயும் அதை நீராகவே வைத்திருக்கும் வித்தை அவற்றுக்குத் தெரியும். ஆனால் இதற்கு ஓர் அடித்தளம் உண்டு: ஏறத்தாழ மைனஸ் 40. அதற்குக் கீழே, படிகம் வளர ஒரு துகள்கூட இல்லாமலே, நீர் தானே உறைந்துவிடும். (சென்டிகிரேடும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகச் சந்திக்கும் எண்ணும் இதுவே என்பது தற்செயல்.) இந்த மரங்களில் பலவற்றின் வடக்கு எல்லை மைனஸ் 40 விழும் கோட்டை ஒட்டியே போகிறது. மற்றக் கட்சி பிர்ச், ஆஸ்பென், வில்லோ. இவை நீரை முழுக்க வெளியே விட்டுவிடுகின்றன. இவற்றுக்கு அடித்தளமே இல்லை. அகிரா சகாய் என்ற ஜப்பானிய அறிஞர் 1960ல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாகக் குளிருக்குப் பழக்கிய வில்லோ, பாப்லர் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் மூழ்கி எழுந்தும் உயிரோடிருந்தன. பூமியில் எங்கும் இல்லாத குளிர் அது.

அப்படியானால் பிர்ச்சையே எல்லா இடத்திலும் வைத்துவிடலாமே? முடியாது. பிர்ச் ஆழமில்லாத வேர்கொண்ட மரம். வெந்து கிடக்கும் நகரத்து மண்ணில் கோடைக்குத் தாங்காமல் நலிந்து துளைவண்டுக்கு இரையாகும். குளிர்நாட்டு மரத்தைப் பல சமயம் கோடைதான் கொல்கிறது. மார்ச் மாதமும் கொல்லும். பகல் வெயில் தென்மேற்குப் பக்கத்துப் பட்டையைச் சூடாக்கி எழுப்பிவிடும், சூரியன் மறைந்ததும் உறைகுளிர் விழும், பட்டை வெடிக்கும். இளம் மேப்பிள் மரங்களுக்கு மெல்லிய பட்டை என்பதால் குளிர்காலத்தில் வெள்ளைச் சுற்று கட்டுகிறார்கள். பைன், ஸ்ப்ரூஸ் போன்ற பசுமைமாறா மரங்களுக்கு வேறு தொல்லை: ஊசியிலை வெயிலில் நீரை இழக்கும், வேர் உறைந்த மண்ணில் நீர் எடுக்க முடியாது, வசந்தத்தில் ஒரு பக்கம் தீய்ந்து பழுப்பேறி நிற்கும்.

இன்னொன்று நமக்கு விளங்கக் கொஞ்சம் சிரமமானது. இந்த மரங்கள் குளிரைத் தாங்குவது மட்டுமல்ல, குளிர் இல்லாமல் இவற்றால் முடியாது. உறைநிலைக்குச் சற்று மேலே குறிப்பிட்ட மணிநேரம் குளிர்ந்து கிடந்தால்தான் மொட்டு உறக்கம் கலையும். ஆப்பிள் நம் சமவெளியில் சரியாகக் காய்க்காததற்குக் காரணம் வெயிலின் மிகுதி என்பதைவிடக் குளிரின் போதாமை. ஆக, குளிரை மரத்துக்கு வெளியேயிருந்து தாக்கும் 'மற்றமை'யாக வைத்து எழுதும் தோட்டக்கலைப் புத்தகங்களின் போர்க்கள மொழி பாதி உண்மைதான்.

*

மரத்தின் பெயரும் பாதி உண்மைதான். சிவப்பு மேப்பிள் என்ற ஒரே இனம் வட அமெரிக்காவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஃபுளோரிடா வரை வளர்கிறது. ஃபுளோரிடா விதையில் முளைத்த கன்றை ஒன்டாரியோவில் நட்டால் அது இரவின் நீளத்தைத் தெற்கத்திக் கணக்கில் வாசிக்கும். நவம்பர் வரை வளர்ந்துகொண்டே போய், ஆயத்தமில்லாமல் குளிரில் மாட்டிக்கொள்ளும். வடக்கத்திக் கன்றைத் தெற்கே கொண்டுபோனால் கோடை நடுவிலேயே கடையைச் சாத்திவிடும். ஒரே பெயர், ஒரே இலை. காலத்தை வாசிக்கும் விதம் வேறு. அதனால் குளிர்நாட்டில் விவரம் தெரிந்தவர்கள் நாற்றங்காலில் கேட்கும் முதல் கேள்வி 'என்ன மரம்' என்பதல்ல, 'விதை எங்கே எடுத்தது' என்பது. இனம் என்ற வகைமையைச் சாராம்சமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நாம் தத்துவத்தில் வாதாடுவதை நாற்றங்கால்காரர் நஷ்டக்கணக்கில் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு சிக்கலையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் கருவி ஒன்று உண்டு: தாங்குதிறன் மண்டல வரைபடம். பாஸ்டனில் அர்னால்டு மரப்பூங்காவின் ஆல்ஃப்ரெட் ரேடர் 1927ல் இப்படியொரு மண்டலப் பகுப்பை வெளியிட்டார். அமெரிக்க வேளாண்துறை தன் வரைபடத்தை 1960ல் கொண்டுவந்தது. பின்பு 1990, 2012, 2023 ஆண்டுகளில் பெரிய திருத்தங்கள். ஓர் இடத்தில் ஆண்டுதோறும் விழும் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரி - அது ஒன்றுதான் அளவுகோல். பத்து ஃபாரன்ஹீட் டிகிரிக்கு ஒரு மண்டலம். மூன்றாம் மண்டலம் என்றால் மைனஸ் 40க்கும் மைனஸ் 34க்கும் இடையே. கன்றில் தொங்கும் சீட்டில் இந்த எண்தான் அச்சாகிறது, வாங்குபவர் இதைத்தான் பார்க்கிறார்.

கனடாவில் 1967ல் ஊலே, ஷெர்க் என்ற இருவர் செய்தது வேறு. நாடெங்கும் நட்டுப் பார்த்த மரங்களும் புதர்களும் எங்கே பிழைத்தன, எங்கே செத்தன என்பதிலிருந்து தொடங்கினார்கள். குளிரோடு உறைகுளிரற்ற நாட்களின் எண்ணிக்கை, கோடை மழை, கோடை வெப்பம், வெண்பனியின் கனம், ஜனவரி மழை, காற்று எல்லாம் கணக்கில் வந்தன. எனக்கு இந்த இரண்டாவது வரைபடமே நேர்மையானதாகப் படுகிறது. செத்த மரங்களின் சாட்சியத்தையும் அது கேட்டிருக்கிறது. ஆனால் சந்தையில் வென்றது முதல் வரைபடத்தின் ஒற்றை எண். விற்பதற்கு ஒற்றை எண் வசதி.

அந்த எண்ணும் இப்போது நிலையாக இல்லை. 1991 முதல் 2020 வரையான பதிவுகளைக்கொண்டு செய்த 2023 வரைபடத்தில் அமெரிக்காவின் ஏறத்தாழப் பாதி நிலப்பரப்பு அரை மண்டலம் வெப்பப் பக்கம் நகர்ந்துவிட்டது. இன்று நடும் ஓக் நூறு வருஷம் நிற்கும். அது நின்று முடிக்கப்போகும் மண்டலம் எது என்பதற்கு வரைபடம் பதில் சொல்லாது. வெப்பமாகிறதே, தெற்கத்தி மரங்களை வைத்துவிடலாம் என்று கிளம்பவும் முடியாது. மரம் குளிருக்குப் பழகுவது வாரக்கணக்கில். பழக்கம் கலைவதோ சில நாள் இளவெயிலில். 2007 மார்ச்சில் அமெரிக்காவின் கிழக்கு, மத்தியப் பகுதிகளில் வெயில் முன்கூட்டியே வந்து தளிர்கள் விரிந்துவிட்டன. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைகுளிர் திரும்பி வந்து அத்தனையையும் கருக்கியது. சராசரி ஏறுவதால் மட்டும் கடைசிக் குளிர் ஒழிந்துவிடாது.

*

குளிரைத் தாங்கிய ஒரு மரம் வேறெதால் செத்தது என்ற கதை எனக்கு முக்கியம். அமெரிக்க எல்ம் நகரத்து வீதிக்கென்றே பிறந்தாற்போன்ற மரம். உறைகுளிர், வெள்ளம், இறுகிய மண், சாலையோர உப்பு எல்லாவற்றையும் சமாளிக்கும். பூச்சாடிபோல் மேலே விரிந்து, வீதியின் இரு பக்கமிருந்தும் தழுவிக் கோயில் மண்டபம் போல் நிழல் கட்டும். மினியாபோலிசிலும் டெட்ராய்டிலும் வின்னிபெக்கிலும் வீதி வீதியாக இதையே வைத்தார்கள். பட்டியல் ஒன்றே, மரம் ஒன்றே.

ஐரோப்பாவில் எல்ம் மரங்களை வாட்டிய பூசணத்தை நெதர்லாந்தில் யோஹன்னா வெஸ்டர்டைக்கின் ஆய்வகத்தில் பெயா ஸ்வார்ட்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 1920களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். கிறிஸ்டின் பைஸ்மன் பின்னர் அதை ஐயத்துக்கிடமின்றி உறுதிசெய்தார். மூவரும் பெண்கள். அவர்களுடைய உழைப்புக்குக் கிடைத்த பரிசு, நோய்க்கு 'டச்சு எல்ம் நோய்' என்ற பெயர். கண்டுபிடித்த நாடு நோயைப் பெற்ற நாடாகிவிட்டது. (கொள்ளை நோய்களுக்கு ஊர்ப்பெயர் சூட்டும் பழக்கம் 2020ல் என்ன செய்தது என்று பார்த்தவர்கள்தானே நாம்.) மேசை நாற்காலிக்கான ஐரோப்பியக் கட்டைகளோடு அது 1930ல் ஓஹையோவுக்கு வந்து சேர்ந்தது. பட்டைவண்டு அதை மரத்துக்கு மரம் சுமந்தது; அருகருகே நின்ற மரங்களின் வேர்கள் ஒட்டிக்கிடந்ததால் மண்ணுக்குள்ளும் பரவியது. 1930ல் வட அமெரிக்காவில் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட 7 கோடியே 70 லட்சம் எல்ம்களில் முக்கால் பங்குக்குமேல் 1989க்குள் போய்விட்டன.

இடைவெளியில் எதை நட்டார்கள்? ஆஷ். குறிப்பாகப் பச்சை ஆஷ்: குளிர் தாங்கும், வேகமாக வளரும், மலிவு. மறுபடியும் வீதி வீதியாக. 2002 கோடையில் டெட்ராய்டு அருகே ஒரு மரகதப் பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. வடகிழக்கு ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் பலகையில் வந்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் வின்ட்சரிலும் தென்பட்டது. 2009ல் மினசோட்டா, 2017ல் வின்னிபெக். கோடிக்கணக்கில் ஆஷ் செத்துவிட்டது. எல்ம் போன இடத்தில் வைத்த மரம், எல்ம் போன விதமாகவே போனது. மூன்றாவதாக எல்லாரும் மேப்பிளை நட்டுக்கொண்டிருக்கையில், மேப்பிளைத் தின்னும் ஆசிய நீள்கொம்பு வண்டு 1996ல் நியூயார்க்கில் தலைகாட்டியது. 2003ல் டொரன்டோ எல்லையில் வந்ததை ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டியும் பல ஆண்டுகள் கண்காணித்தும் ஒழித்தார்கள்.

1990ல் ஃபிராங்க் சான்டமோர் என்ற மர மரபியலாளர் ஒரு விதி சொன்னார்: ஒரு நகரத்தில் ஒரே இனம் நூற்றுக்குப் பத்துக்குமேல் கூடாது, ஒரே பேரினம் இருபதுக்குமேல் கூடாது, ஒரே குடும்பம் முப்பதுக்குமேல் கூடாது. பன்மைத்துவம் பற்றி நாம் இங்கே தத்துவ மொழியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒருவர் அதை மூன்று எண்களில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் இந்த விதியிலும் ஓட்டை உண்டு. கடையில் விற்கும் பெயர்சூட்டிய வகைகள் - 'ஆட்டம் பிளேஸ்' மேப்பிள் மாதிரி - ஒரே மரத்தின் நகல்கள். விதையில் வந்தவை அல்ல, ஒட்டும் பதியனும். பத்து விழுக்காடு என்று வைத்தாலும் அந்தப் பத்தும் ஒரே மரம்தான். கணக்கேட்டில் பன்மை, மண்ணில் ஒற்றை. கின்கோவில் பெண் மரத்தின் கனி நாறுகிறது என்று ஆண் மரங்களையே நகலெடுத்து வைக்கிறார்கள். குப்பை விழாத, குழந்தை பெறாத மரம்.

வின்னிபெக்கில் அமெரிக்க எல்ம் இன்னும் பெருமளவு நிற்கிறது. குளிர் காப்பாற்றியது என்பார்கள். 1970களிலிருந்து நோயுற்ற மரத்தை உடனடியாக வெட்டி அகற்றி, வண்டைக் கண்காணித்து, வேனிலில் கிளை கழிக்கத் தடை விதித்து மக்கள் பார்த்துக்கொண்டதுதான் பெரிய காரணம்.

*

இனி அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வருவோம். 'நாட்டு மரம்' என்றால் என்ன? வட அமெரிக்கப் பட்டியல்களில் இதற்கு நடைமுறைப் பொருள்: ஐரோப்பியர் வருவதற்கு முன் இங்கே இருந்தது. வந்தேறியவர்களின் வருகையே ஆண்டுக்கணக்கின் பூஜ்யம். அதற்கு முன்னே? டொரன்டோ நிற்கும் இடத்தின்மேல் பனிப்பாளம் கிடந்தது. வின்னிபெக் இருக்கும் இடம் பனிப்பாளம் உருகிய அகாசீ என்ற பேரேரியின் அடிவண்டல். இன்று அங்கே 'நாட்டு மரம்' என்று நிற்கும் ஒவ்வொன்றும் கடந்த பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்குள் தெற்கிலிருந்து நடந்து வந்தது. கென்டக்கி காஃபி மரம் ஒன்டாரியோவின் தென்மேற்கு மூலையில் மட்டும் காடாகக் காணப்படுவது. ஆனால் டொரன்டோவில் அது நாட்டு மரம். மாகாண எல்லைக்கோடு அதைச் சொந்தமாக்குகிறது.

2012ல் கனடா வெளியிட்ட புதிய இருபது டாலர் நோட்டில் உள்ள இலை கனடிய மேப்பிள் அல்ல, ஐரோப்பிய நார்வே மேப்பிள் போல இருக்கிறது என்று தாவரவியலாளர்கள் சொன்னார்கள். அது எந்த ஒரு மரத்தின் இலையும் அல்ல, பல இலைகளைச் சேர்த்து வரைந்த உருவம் என்று மத்திய வங்கி பதில் சொன்னது. தேசியச் சின்னங்கள் பற்றி இதைவிடத் துல்லியமான வாக்குமூலத்தை ஒரு வங்கி தந்து நான் படித்ததில்லை.

சிரித்துவிட்டுப் போக முடியாத பக்கமும் இதற்கு உண்டு. 1942ல் ஜெர்மனியில் தாவரவியலாளர் குழு ஒன்று ஆசியாவிலிருந்து வந்த ஒரு சின்னக் காசித்தும்பை இனச் செடியை அழித்தொழிக்கும் போருக்கு அறைகூவி, அதைப் போல்ஷிவிசத்துக்கு எதிரான போரோடு ஒப்பிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஹிம்லர் கையெழுத்திட்ட நிலக்காட்சி விதிகள், பிடித்த கிழக்கு நிலங்களை ஜெர்மானியருக்கு 'வீடாக' உணரும்படி மாற்றி அமைக்கச் சொன்னது. அங்கே இருந்த மனிதர்களை அகற்றும் திட்டத்தின் ஒரு பக்கம் அது. சிகாகோவில் நாட்டுச் செடித் தோட்டக்கலையின் முன்னோடியாகக் கொண்டாடப்படும் யென்ஸ் யென்சன் டென்மார்க்கிலிருந்து 1884ல் குடியேறியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்ணின் மைந்தர் மொழியை மிகச் சுத்தமாகப் பேசுபவர் பல சமயம் நேற்று வந்தவராகவே இருக்கிறார்.

புல்வெளிப் பிரதேசத்தில் மரம் நடுவதே நில அபகரிப்பின் கருவியாக இருந்தது. 1873ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, 160 ஏக்கரில் 40 ஏக்கர் மரம் வளர்த்தால் அந்த நிலம் குடியேறியவருக்குச் சொந்தம். 1891ல் நீக்கப்படும்வரை அதில் மோசடி கொழித்தது. லக்கோட்டா, டக்கோட்டா மக்களின் வேட்டைநிலம் சட்டத்தின் கண்ணுக்கு மரமில்லாத வெற்றிடம். கனடியப் புல்வெளியில் இந்தியன் ஹெட் என்ற ஊரிலிருந்த அரசு நாற்றங்கால் 1901 முதல் 2013 வரை 60 கோடிக்கும் மேற்பட்ட கன்றுகளைக் காற்றுத் தடுப்புக்காக வழங்கியது. அதில் சைபீரியப் புதரான காரகானாவும் முக்கியம். சைபீரியக் காட்டு ஆப்பிளோடு கலந்துதான் வில்லியம் சாண்டர்ஸ் புல்வெளிக்கான ஆப்பிளைப் பிறப்பித்தார். மைனஸ் 40ல் பக்கத்து மாகாணத்து மரத்தைவிடச் சைபீரியக்காரன் ஊரோடு ஒட்டிக்கொள்கிறான்.

இதையெல்லாம் அடுக்கி 'நாட்டு மரம் என்பதே பாசிசம்' என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். நான் அந்தப் பக்கம் போகத் தயாரில்லை. அந்த முடிவு நாற்றங்கால் வியாபாரிக்கு மிகவும் வசதி: எதையும் எங்கேயும் விற்கலாம். நார்வே மேப்பிள் 1756லேயே ஃபிலடெல்பியாவுக்கு வந்தது. எல்ம் செத்தபின் டொரன்டோ வீதிகளில் ஏராளமாக வைத்தார்கள். குளிர் தாங்கும், உப்புத் தாங்கும், குறையே சொல்ல முடியாது. ஆனால் அதன் விதை பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் பறந்துபோய், அடர்ந்த நிழலின் கீழ் வேறொரு நாற்றையும் எழவிடாமல் செய்கிறது. எதிர்ப்பக்கம் வட அமெரிக்க ஓக் மரங்கள்: அவற்றின் இலையை நம்பிப் பல நூறு வகை அந்துப்பூச்சிப் புழுக்கள் வாழ்கின்றன. சிக்கடி என்ற சின்னக் குருவி ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்க ஆயிரக்கணக்கில் புழு வேண்டும். கின்கோவைத் தின்னும் புழுக்களை விரல்விட்டு எண்ணலாம். பூச்சி கடிக்காத மரம் வீட்டுக்காரருக்கு அழகு, குருவிக்குப் பட்டினி. கறுப்பு ஆஷ் செத்தபோது அனிஷினாபே, வபனாகி மக்களுக்குக் கூடை முடையும் நார் மட்டும் போகவில்லை. அந்த நாரோடு கைமாறிய சொற்களும் பாட்டுகளும் அந்தரத்தில் நிற்கின்றன. இந்த இழப்பைக் 'கற்பிதம்' என்று கட்டுடைத்துவிட முடியுமா?

ஸ்டீபன் ஜே கூல்டு 1990களில் இந்த விவாதத்தில் சொன்னது உதவுகிறது. இயற்கைத் தேர்வு ஓர் இடத்துக்கு 'மிகச் சிறந்த' உயிரை உருவாக்குவதில்லை. அங்கே வந்து சேர்ந்தவற்றுக்குள் சமாளித்தவற்றை விட்டுவைக்கிறது. நாட்டு மரம் என்பதால் அது சிறந்தது ஆகாது. ஆனால் பல்லாயிரம் ஆண்டுப் பழக்கத்தில் உண்பவர், உண்ணப்படுபவர், உறைபவர் என்ற உறவுகள் நெய்யப்பட்டிருக்கின்றன. அந்த நெசவைப் பிரிக்கும்போது யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நம்மூரில் சீமைக்கருவேலத்தை 2017 வாக்கில் நீதிமன்ற உத்தரவுகளையொட்டி ஊர் ஊராகப் பிடுங்கியபோது, அதற்கு முன்னால் 'சீமை' ஒட்டியிருந்ததே போதுமான குற்றச்சாட்டாக இருந்தது. நிலத்தடி நீர், மேய்ச்சல் நிலம் பற்றிய நியாயமான புகார்கள் உண்டு. ராமநாதபுரத்தில் அதைக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசவில்லை.

*

நண்பரின் பட்டியலுக்கு நான் எழுதி அனுப்பியதன் சாரம். பூர்வீகக் கட்டத்தை முதலில் பார்க்காதே, கடைசியில் பார். முதலில் உன் வீதியில் ஏற்கெனவே நிற்பது என்ன என்று எண்ணிக்கொண்டு வா. வரிசையாக மேப்பிள் என்றால் மேப்பிளைத் தொடாதே, இலை எவ்வளவு சிவந்தாலும். மேலே மின்கம்பி போகிறதா, கீழே மண் களியா, சுண்ணாம்பு ஏறியதா என்று பார். சுண்ணாம்பு மண்ணில் பின் ஓக்கும் சிவப்பு மேப்பிளும் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் மஞ்சளாகிவிடும். எந்த மண்டல எண்ணும் இதைச் சொல்லாது. வீதியில் உப்புக் கொட்டுவார்கள். உப்புத் தாங்காத சர்க்கரை மேப்பிள் வீட்டுப் பின்புறத்துக்குச் சரி, முன்புறத்துக்கு ஆகாது. இடமிருந்தால் பர் ஓக். தடித்த தக்கைப் பட்டை, புல்வெளித் தீயையும் வின்னிபெக் குளிரையும் சேர்த்துத் தாங்குவது. மெதுவாக வளரும், அவசரக்காரருக்கு அல்ல. அடுத்தது ஹேக்பெரி, அழகில்லை என்பார்கள், பறவைகள் அப்படிச் சொல்வதில்லை. கென்டக்கி காஃபி மரத்தையும் தள்ளிவிட வேண்டாம். குளிர்காலத்தில் பட்ட கட்டைபோல் நிற்கும், வசந்தத்தில் கடைசியாகத் தளிர்க்கும், அதனாலேயே பின்குளிரில் மாட்டாது. எல்ம்தான் வேண்டும் என்றால் நோய் தாங்கும் 'வேலி ஃபோர்ஜ்' போன்ற வகைகள் 1990களிலிருந்து உண்டு. ஆனால் அதையும் வீதி முழுக்க வைத்துவிடாதீர்கள்.

"உதெல்லாம் சரி மச்சான், ஓக் பெருசாக வளர எத்தினை வருஷம்?" என்றார். நாற்பது, ஐம்பது என்றேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கறிவேப்பிலையைப் பற்றிப் பேச்சு மாறியது. அது தொட்டியில், ஒவ்வொரு செப்டம்பரிலும் வீட்டுக்குள்ளே வந்து, மே கடைசியில் வெளியே போகிறது. குளிர்காலம் பூராவும் இலை கொட்டுகிறதாம்.

தொட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், பட்டியல்களில் இது இருப்பதில்லை. மரத்தின் வேர் அதன் கிளை அளவுக்குக் குளிர் தாங்காது. கிளை மைனஸ் 30ஐத் தாங்கும் மரத்தின் வேர் அதற்கு வெகு முன்பே செத்துவிடும்; மண்ணும் வெண்பனியும் போர்த்தியிருப்பதால்தான் அது பிழைக்கிறது. நகர மையங்களில் கடைகளின் முன் கான்கிரீட் தொட்டிகளில் வைக்கும் மரங்களுக்கு அந்தப் போர்வை இல்லை. நான்கு பக்கமும் குளிர்காற்று. ஆகவே தொட்டியில் வைப்பதானால் ஊரின் மண்டலத்தைவிட இரண்டு எண் குறைந்த மண்டலத்து மரமாகத் தேட வேண்டும். தரையில் வைத்தால் முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர். இலையுதிர்காலத்தில் மண் இறுகும்வரை நிறுத்தக் கூடாது. வேர்மேல் மரத்தூளோ சருகோ நான்கு விரல்கடை கனத்துக்குப் போட்டு, அடிமரத்தைத் தொடாமல் விலக்கி வைக்க வேண்டும். வழிப்பாதையில் வாரும் வெண்பனியை உப்போடு சேர்த்து மரத்தடியில் கொட்டக் கூடாது.